தோளுக்கு மேல் வளர்ந்த பின்

வெளியூர்ப் பயணம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கடலும் மலையும் கோயில் கோபுரமுமே. எந்தப் பயணக் கட்டுரையை எடுத்துப் பார்த்தாலும் கதிரவன் உதிக்கும் அழகும் அருவி விழும் ஓசையும் பக்கம் பக்கமாக வருணிக்கப்பட்டிருக்கும். ஆனால் கதிரவன் உதிப்பதற்கு முன் ஓர் இரவு இருக்கிறதன்றோ? அந்த இரவில் அந்தக் குடும்பம் எங்கே படுத்தது, எத்தனை பேருக்கு எத்தனை கட்டில் கிடைத்தது, அதற்காக வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்தது என்பதையெல்லாம் எழுதுவோர் குறைவு. எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது என்பதே என் எண்ணம். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு சாதாரணக் குடும்பம் தங்கும் விடுதியில் அறை எடுப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை இதில் எந்தச் சிக்கலும் இல்லை. 2017ஆம் ஆண்டு நாங்கள் பழனிக்குச் சென்றிருந்தோம். அப்போது எனக்கு 12 வயது, தம்பிக்கு 8, தங்கைக்கு 3. கட்டில்கள் இரண்டை ஒன்றாக நகர்த்திப் போட்டார் அப்பா. குறுக்கு வாட்டில் ஐவரும் படுத்தோம். விடுதிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பாயும் இரண்டு தலையணையும் கூடக் கொடுத்தனுப்பினார். அன்று ஒரு குடும்பம் என்றால் ஓர் அறை. எட்டு ஆண்டுகள் சென்ற பின் அதே குடும்பம், அதே ஐந்து பேர். ஆனால் ஓர் அறைக்குள் அடங்குவதில்லை. கூடியது தலைக்கணக்கு அன்று, வயதுக் கணக்கு.

பிள்ளை எந்த வயதில் பெரியவர் ஆகிறது? இந்தக் கேள்விக்கு நாட்டில் ஒரே விடை கிடையாது. நம் அரசுப் பேருந்தில் 5 வயது வரை கட்டணம் இல்லை. 12 வரை அரைக்கட்டணம். படிக்கட்டுக்கு அருகே உயரக் கோடு வரைந்திருந்த பேருந்துகளையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். நடத்துநர் பிள்ளையின் வயதைத் தாயிடம் கேட்பார், உயரத்தைக் கோட்டிடம் கேட்பார். ரயிலில் 2016 ஏப்ரல் முதல் வேறு முறை: 5 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக்கட்டணம், வேண்டாமென்றால் அரைக்கட்டணம். கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு 6 முதல் 14 வரை பிள்ளை. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 என்று ஒரு கோடு கிழித்து, 14 முதல் 18 வரை வளரிளம் பருவம் என்று இன்னொரு கோடும் கிழிக்கிறது. வாக்களிக்க 18. தங்கும் விடுதிகளிலோ பெரும்பாலும் 5 வயது வரை இலவசம், 12க்கு மேல் போனால் பெரியவர் கணக்கு. சில இடங்களில் இது 6 என்றும் 10 என்றும் மாறும். அறை பதிவு செய்யும் வலைத்தளம் 17 வயது வரை பிள்ளை என்று பதியச் சொல்லும். பணம் கட்டிவிட்டுப் போய் நின்றால், எங்களுக்கு 12தான் கணக்கு என்பார் வரவேற்பறைக்காரர். இவை எல்லாவற்றுக்கும் முந்தியது நம் முன்னோர் வகுத்த அளவு. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்றார்கள். அவர்கள் ஆண்டைக் கணக்கிடவில்லை, தோளைத்தான் கணக்கிட்டார்கள்.

இவ்விடத்தில் நம் ஊரின் நினைவு வராமல் இருக்க முடியாது. திருப்பூரில் தைக்கும் பிள்ளைகளின் பனியன்களில் கழுத்துப் பட்டையில் ஒரு லேபிள் இருக்கும். சில நாடுகளுக்குப் போகும் துணியில் 9-10, 11-12, 13-14 என்று வயது அச்சிட்டிருக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போகும் துணியிலோ 128, 140, 152, 164 என்று இருக்கும். இவை பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். என் அம்மா செக்கிங் வேலை செய்பவர். வயது போட்ட லேபிள் பொய் சொல்லும், உயரம் போட்ட லேபிள் பொய் சொல்லாது என்பார். பத்து வயதுப் பையன் பன்னிரண்டு வயதுச் சட்டையைக் கேட்பான். 140 சென்டிமீட்டர் பையனுக்கு 140 போட்ட சட்டை பொருந்திவிடும். துணி தைப்பவர்களுக்குத் தெரிந்த இந்த உண்மை விடுதி நடத்துபவர்களுக்கும் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு. ஒருவர் படுக்க வேண்டிய இடத்தை அவருடைய பிறந்த தேதி தீர்மானிப்பதில்லை.

கடந்த 2025 தீபாவளி விடுமுறையில் கன்னியாகுமரி செல்வது என்று வீட்டில் முடிவாயிற்று. தீபாவளி என்றால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போனஸ் கைக்கு வந்த மறுநாளே கம்பெனிகள் பூட்டப்படும். மதுரை, தேனி, நெல்லை, தஞ்சைப் பக்கத்தார் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நிற்பார்கள். ஆண்டு முழுவதும் ஓடிய பவர்டேபிள்களும் ஓவர்லாக்குகளும் ஓயும் அந்தச் சில நாள்கள்தாம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பயணக் காலம். ரயிலில் 60 நாளுக்கு முன்பே இடம் பிடித்தாயிற்று. அறை பிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான் ஆகையால், விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து வங்கி வேலை வரை எழுத்துச் சார்ந்த எல்லாம் என் பங்கு.

அந்த ஊர் விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். எல்லாரிடமும் உரையாடல் ஒரே மாதிரிதான் போயிற்று.

“எத்தனை பேரும்மா?”

“அஞ்சு பேருங்க. அப்பா, அம்மா, நாங்க மூணு பேருங்க.”

“பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்களா?”

“எனக்கு இருபதுங்க, தம்பிக்குப் பதினாறுங்க, தங்கச்சிக்குப் பதினொண்ணுங்க.”

“அப்போ நாலு பெரியவங்க, ஒரு பிள்ளை. ரெண்டு ரூம் போட்டாத்தாம்மா ஆகும்.”

கடைசியாகப் பேசிய விடுதியில் விவரம் தெளிவாகச் சொன்னார்கள். இருவர் தங்கும் அறைக்கு ஒரு நாளைக்கு 1,400 ரூபாய். கூட ஒருவர் தங்கினால் 400 ரூபாய்க்கு ஒரு மெத்தை. அதற்கு மேல் ஆள் ஏற்ற முடியாது. 12 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை கணக்கில் வராது. இதோடு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.

“ஒரே ரூமுல கீழ பாய் போட்டுப் படுத்துக்குவோமுங்க” என்று சொல்லிப் பார்த்தேன். மறுமுனையில் இருந்தவர் சிரித்துவிட்டு, “பெரிய பிள்ளைங்க இருக்காங்கல்ல, உங்களுக்கே சிரமமா இருக்கும்மா” என்றார். அவர் பரிவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீடு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரு முன்னறை, ஒரு சமையலறை. குளியலறை பொது. அந்த ஒரே முன்னறையில்தான் ஐவரும் படுக்கிறோம், படிக்கிறோம், சாப்பிடுகிறோம், விருந்தினர் வந்தால் அவர்களையும் உட்கார வைக்கிறோம். நம் கல்லூரி நண்பர்களில் பலருடைய வீடும் இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். ஆண்டில் 360 நாளும் ஐந்து பேர் ஓர் அறையில் வாழலாம். அதை எவரும் தடுப்பதில்லை. ஊருக்குப் போனால் மட்டும் இரண்டு அறை எடுத்தாக வேண்டும். வீட்டில் கிடைக்காத வசதியை விடுதியில் கட்டாயமாக விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இந்த வேடிக்கையை நினைத்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டேன், சிரிப்பு நின்றது.

கணிதம் படிப்பவள் ஆகையால் தாளை எடுத்து எழுதினேன். ஐவருக்கும் இரண்டு அறை, ஒரு நாளைக்கு 2,800, வரியோடு 2,940. இரண்டு இரவுக்கு 5,880 ரூபாய். ஒருவர் குறைந்தால் மூன்று பெரியவர், ஒரு பிள்ளை. ஓர் அறையும் ஒரு மெத்தையும் போதும். 1,800, வரியோடு 1,890. இரண்டு இரவுக்கு 3,780. இரண்டுக்கும் வேறுபாடு 2,100 ரூபாய். இந்தத் தாளை நான் அம்மாவிடம் காட்டவில்லை. அப்பாவிடம்தான் படித்துக் காட்டினேன். சமையலறையில் இருந்த அம்மா காதில் விழுந்துவிட்டது.

“ஏங்கண்ணு, எதுக்கு ரெண்டு ரூமு? நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. கடலப் பாத்து எனக்கு என்னாகோணும்? தண்ணி வர்ற நாளு வேற, வூட்டுல ஆளு வேணும்” என்றார்.

நண்பர்களே, இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். அறை சிறுத்துப் போனால், பணம் குறைந்து போனால், வண்டியில் இடம் இல்லாது போனால், கழித்துக்கொள்ளும் எண் எப்போதும் அம்மாவே. வேறு எவரும் சொல்லுவதற்கு முன் தன்னைத் தானே கழித்துக்கொள்வார். அதற்கு ஒரு காரணமும் கைவசம் வைத்திருப்பார்: தண்ணீர் வரும், கறிவேப்பிலைச் செடி காயும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை. விடுதிக்காரர் தம் விதியைச் சொன்னார்; அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த விதி எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தபோது அதன் பொருள், அம்மா வர வேண்டாம் என்பதாக மாறிவிட்டது. பிள்ளைகள் பெரியவர்களான பின் பல குடும்பங்களில் பயணம் ஏன் நின்றுபோகிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

அப்பா அதிகம் பேசாதவர். சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அஞ்சு பேருன்னா அஞ்சு பேருதான். ஒரு ராத்திரியக் கொறச்சுக்கலாம். ரெண்டு ரூமாவே போடு அம்மிணி” என்றார். போக ஓர் இரவு ரயிலில், வர ஓர் இரவு ரயிலில், நடுவில் ஓர் இரவு மட்டும் விடுதியில் என்று திட்டம் மாறியது. செலவு 2,940. நான் இரண்டு நாள் போட்ட கணக்கில் எழுதாமல் விட்ட வழியை அவர் ஒரே வாக்கியத்தில் கண்டுபிடித்தார்.

தங்குமிடச் சிக்கல் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்த கோவலனும் கண்ணகியும் மதிற்புறத்தே நிற்கிறார்கள். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பகுதிக்குப் பெயரே அடைக்கலக் காதை. புதிய ஊரில் ஒரு குடும்பம் இரவு தங்க இடம் தேடுவது ஒரு காப்பியத்தில் ஒரு காதைக்கு உரிய பெரிய செய்தியாக இருந்திருக்கிறது. பின்னாளில் அரசர்களும் செல்வர்களும் சத்திரங்கள் கட்டினார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் பெயரால் சத்திரம் இருப்பதும், தஞ்சை மராட்டியர் காலத்தில் ஒரத்தநாட்டில் முத்தம்மாள் பெயரால் சத்திரம் எழுந்ததும் நாம் அறிந்தவை. அங்கே வழிப்போக்கருக்குத் திண்ணையும் கூடமும் சோறும் கிடைத்தன. அறை எண்ணோ கட்டில் எண்ணோ கிடையாது.

ஆயினும் பழையன எல்லாம் பொன்னென்று நான் சொல்லமாட்டேன். சாதி பார்த்து இடம் பிரித்த சத்திரங்களும் அன்று இருந்தன. என்ன ஊர், என்ன பேர் என்று கேட்டுவிட்டு, பிறகு மெல்ல இன்னொன்றையும் கேட்டு, திண்ணையோடு நிறுத்தப்பட்டவர்கள் எத்தனையோ பேர். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சாதி, சமயம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. என் தாத்தாவை விடுதி வாசலில் எதைக் கேட்டிருப்பார்களோ, அதை என்னிடம் கேட்கவில்லை, வயதைத்தான் கேட்டார்கள். எனக்கு அது பெரிய முன்னேற்றமாகவே படுகிறது. வயதைக் கேட்பதில் உள்ள குறையைப் பற்றிப் பேச நமக்கு நேரம் கிடைத்திருப்பதே அந்த முன்னேற்றத்தின் பயன் எனலாம்.

விடுதி நடத்துபவர் பக்கத்து நியாயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அறைக்கு ஆள் கூடினால் தண்ணீர் கூடும், துவைக்கும் விரிப்பு கூடும். அதைவிட முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. 2025 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஒரு விடுதியில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். நெருப்பைவிடப் புகையே பலரைக் கொன்றது. ஒடுங்கிய மாடிப்படியும் அடைத்த சன்னலும் உள்ள கட்டடத்தில் அறைக்கு ஐந்தாறு பேராக அடைத்து வைப்பது தயவாகாது. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த நோக்கத்துக்காக வரம்பு வைப்பவர், மூன்று வயதுப் பிள்ளைகள் நான்கு பேரை ஓர் அறையில் கணக்கில்லாமல் விட்டுவிடக் கூடாதன்றோ? புகைக்கு வயது தெரியாது.

வரியைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஜூலை 17 வரை நாள் வாடகை 1,000 ரூபாய்க்குட்பட்ட அறைகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மறுநாள் முதல் அவற்றுக்கும் 12 விழுக்காடு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அது 5 ஆகக் குறைந்தது. எங்கள் 2,800 ரூபாய்க்கு 336 கட்ட வேண்டிய இடத்தில் 140 கட்டினோம். மிச்சமான 196 ரூபாயில் ஐவரும் காலை இட்லி சாப்பிட்டோம். வரி விகிதம் செய்தித்தாளின் மூலையில் வரும் எண். ஆனால் அது இட்லித் தட்டு வரை வந்து சேர்கிறது.

அயல்நாடுகளில் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று தேடிப் பார்த்தபோது ஒரு சுவையான வரலாறு கிடைத்தது. 1951இல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்துக் கட்டட ஒப்பந்தக்காரர் கெம்மன்ஸ் வில்சன் மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வாஷிங்டனுக்குக் காரில் சென்றார். வழியிலிருந்த விடுதிகள் அறைக்கு 6 டாலர் சொல்லிவிட்டு, பிள்ளை ஒன்றுக்கு 2 டாலர் என்று மேலும் 10 டாலர் கேட்டன. அறையைவிடப் பிள்ளைகளுக்கு வாடகை அதிகம்! வெகுண்ட அவர் ஊர் திரும்பி, பெற்றோர் அறையில் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்ற விதியோடு 1952இல் ஒரு விடுதி கட்டினார். ஹாலிடே இன் என்று உலகெங்கும் பரவிய விடுதித் தொடரின் தொடக்கம் அதுவே. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது மழையில் ஒதுங்க இடம் கிடைக்காமல் தவித்தார். அதன் விளைவாக 1912இல் ஆல்டேனா கோட்டையில் இளைஞர் விடுதி ஒன்று எழுந்தது. ஜப்பானின் மரபு வழி விடுதிகளிலோ கட்டிலே கிடையாது. பாய் விரித்த தரையில் எத்தனை பேருக்கு மெத்தை போடுகிறார்களோ அத்தனை பேருக்குக் கட்டணம். ஆளுக்குக் கணக்கு, அறைக்கு அன்று.

இதைப் படித்தபோது நம் கல்யாண மண்டபங்கள் நினைவுக்கு வந்தன. பவானி ஜமக்காளத்தை உதறி விரித்தால் ஆண்கள் ஒரு கூடத்தில், பெண்கள் ஒரு கூடத்தில் என்று நூறு பேர் படுத்துவிடுவார்கள். யாருக்கு என்ன வயது என்று கேட்பவர் இல்லை. திருமலையில் தேவஸ்தானம் கட்டியிருக்கும் யாத்ரிகர் கூடங்களிலும் கட்டணமின்றித் தங்கலாம். பொருளை வைத்துப் பூட்டப் பெட்டகம் தருகிறார்கள். குடும்பம் கூடிப் படுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இருவர் தங்கும் அறை என்ற அளவுகோல்தான் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. நம் திருப்பூர் விடுதிகளையே பாருங்கள். துணி வாங்க வரும் வணிகர் ஒருவரோ இருவரோ தங்குவதற்காக எழுந்தவை பல. வணிகருக்கு அளந்து வெட்டிய அறைக்குள் குடும்பத்தை நுழைக்கப் பார்க்கிறோம். பொருந்தவில்லை என்றால் குற்றம் குடும்பத்தினுடையதா, அளவினுடையதா?

இனி, அந்த ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவேகானந்தர் பாறையும், 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும், 2024 டிசம்பர் இறுதியில் இரண்டுக்கும் நடுவே திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலமும் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பினோம். அடுத்தடுத்த அறைகள் கிடைக்கவில்லை. ஒன்று முதல் மாடியில், மற்றொன்று இரண்டாம் மாடியில். மேல்நாட்டார் பெற்றோர் ஓர் அறை, பிள்ளைகள் ஓர் அறை என்று பிரித்துக்கொள்வார்களாம். நம் வீட்டில் இந்தக் கேள்வியே எழவில்லை. அப்பாவும் தம்பியும் கீழே. அம்மாவும் நானும் தங்கையும் மேலே. பத்து மணிக்குள் அப்பா இரண்டு முறை படியேறி வந்து, “தாழ்ப்பாள் போட்டாச்சா?” என்று வெளியிலிருந்தே கேட்டுவிட்டுப் போனார்.

தங்கை கட்டில் நடுவில் படுத்து உடனே உறங்கிவிட்டாள். விளக்கை அணைத்த பின் அம்மா பேசத் தொடங்கினார். பங்குனியில் எனக்கு ஒரு ஜாதகம் வந்ததாம். நல்ல இடமாம். படிப்பு முடியட்டும் என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டாராம். ஏழு மாதமாக இது எனக்குத் தெரியாது. “வூட்டுல எங்க கண்ணு பேசறது? சின்னவ முழிச்சிருப்பா, சுவத்துக்கு அந்தப் பக்கம் காது இருக்கும்” என்றார் அம்மா. பிறகு, “உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு” என்றும் கேட்டார். என் வாழ்க்கையைப் பற்றி என்னிடமே ஒருவர் இவ்வளவு மெல்லக் கேட்டது அதுவே முதல் முறை. மேலே படிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் தலையைத் தடவினார்.

கீழ் அறையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று தம்பி பல வாரமாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தான். அப்பாவும் அவனும் நேருக்கு நேர் பேசுவதே நின்றிருந்தது. மறுநாள் அதிகாலை கடற்கரையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஊர் திரும்பிய வாரம் அப்பா என்னிடம், “டிப்ளமோவுல சேர்றதுக்கு என்ன பண்ணோணும்னு விசாரிச்சு வையி” என்றார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழியின் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது. நான் எந்த விதியை நொந்துகொண்டேனோ அந்த விதியே எங்களுக்கு ஓர் இரவு கதவு ஒன்றைக் கொடுத்தது. லைன் வீட்டில் அந்தக் கதவு கிடையாது.

அப்படியானால் விதி சரிதானே என்று கேட்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி இடம் வேண்டும் என்பது சரியே. 2,940 ரூபாய் கொடுக்க முடிந்தவர்களுக்கே அது கிடைக்கும் என்பதும், முடியாத வீட்டில் அம்மா பின்தங்குவார் என்பதும் சரியல்ல. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் வழி பிறக்கும். நான்கு கட்டில், ஐந்து கட்டில் போட்டு நடுவே ஒரு தடுப்பு வைத்த குடும்ப அறைகளைக் கூடுதலாகக் கட்டலாம். 1971இல் தொடங்கிய நம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் கோயில் தேவஸ்தானங்களும் இதற்கு முன்கை எடுக்கலாம். வயதைக் கேளாமல் படுக்கையை எண்ணிக் கட்டணம் கேட்கலாம். இரண்டு அறை எடுக்கும் ஒரே குடும்பத்துக்கு அவை அடுத்தடுத்து அமையுமாறு பார்த்துக்கொள்ளலாம். தங்கள் வயது விதியை முன்கூட்டியே எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

வேறொன்றும் சொல்லியாக வேண்டும். போட்டித் தேர்வு எழுதச் சென்னைக்கோ மதுரைக்கோ தந்தையுடனும் தமையனுடனும் செல்லும் மாணவியர் நம்மில் பலர். ஓர் அறை கேட்டு நிற்கும்போது ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. அதைத் தாங்க முடியாமல் பேருந்து நிலையத்திலேயே இரவைக் கழித்துவிட்டுத் தேர்வு எழுதியவர்களும் உண்டு. கோவையில் ஒரு தங்குமிடத்தை முத்திரையிட்ட வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் ஓர் அறையில் தங்குவது, அவர்கள் மணமாகாதவர்களாக இருந்தாலும், குற்றமாகாது என்று கூறியது. அவ்வாறிருக்க, பெற்ற தந்தையோடு நிற்கும் மகள் தலைகுனிய என்ன காரணம்? அடையாளச் சான்று கேட்பது விடுதியின் கடமை. அதைக் கொடுத்த பின் நிமிர்ந்து நிற்பது நம் உரிமை.

பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் முதலில் படித்தவர்கள் நாம். தொலைபேசியை எடுத்து, எத்தனை பேர், எத்தனை கட்டில், வரியோடு எவ்வளவு என்று தயங்காமல் கேட்கும் வேலையை நாம் செய்வோம். ஓர் இரவைக் குறைத்தாலும் ஓர் ஆளைக் குறைக்காத கணக்கைப் போடுவோம். வரும் தையில் என் தங்கைக்கு 12 நிறைகிறது. அதன் பின் எந்த விடுதியிலும் நாங்கள் ஐந்து பெரியவர்கள். அடுத்த தீபாவளிக்கு எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. ஐந்து பேர் என்பது மட்டும் முடிவாகிவிட்டது. தண்ணீர் பிடித்து வைக்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.